ஜிமெயிலுக்குக் கதவடைத்தால் மோசடி நின்றுவிடுமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து மசாலாத் தூள் நிறுவனம் நடத்தும் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அப்பா காலத்துத் தொழில், இன்று 46 பேர் வேலை பார்க்கிறார்கள். நிறுவனத்துக்குச் சொந்த டொமைன் இருக்கிறது. வெப்சைட் இருக்கும் ஹோஸ்டிங் சர்வரிலேயே மெயிலும் ஓடுகிறது. சென்ற மாதம் ஒரு மதியம், முதலாளி பெயரில் ஒரு ஜிமெயில் முகவரியிலிருந்து கணக்காளருக்கு மெயில் வந்தது: "மீட்டிங்கில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது. மிளகாய் லோடுக்கு அட்வான்ஸ் 3,60,000 உடனே இந்தக் கணக்கில் போடுங்கள்." பதினோரு வருடமாக வேலை பார்க்கும் அந்தப் பெண்மணி அனுப்பிவிட்டார். மறுநாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அன்றே ஹோஸ்டிங் ஆளை அழைத்து ஜிமெயில், யாஹூ, ஹாட்மெயில், அவுட்லுக், ரெடிஃப்மெயில் முகவரிகளிலிருந்து எந்த மெயிலும் உள்ளே வராதபடி ஃபில்டர் போடச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரம் நிம்மதி. பிறகு மதுரை விநியோகஸ்தர் போனில் சத்தம் போட்டார்: இரண்டு முறை ஆர்டர் மெயில் அனுப்பியும் சரக்கு வரவில்லையாம், மெயில் திரும்பியும் வரவில்லையாம். இப்போது வீட்டிலேயே இரண்டு கட்சி. "தொழில் பண்ணுகிறவன் சொந்த டொமைன் வைத்துக்கொள்ளட்டும், பெரிய கம்பெனிகள் எல்லாம் இப்படித்தான்" என்கிறார் மகன். "வியாபாரமே போய்விடும்" என்கிறார் மேலாளர். தடையை வைக்கலாமா, எடுக்கலாமா? சட்டத்தில் சிக்கல் உண்டா? நான்காம் நாளே வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், பணம் திரும்புமா? கணக்காளரின் சம்பளத்தில் மாதம் 10,000 பிடிக்க ஆரம்பித்துவிட்டேன், அது சரிதானா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

எல்லாப் பெட்டிகளுக்கும் போட்ட தடையை இன்றே எடுத்துவிடுங்கள். கணக்குப் பிரிவின் பெட்டிக்கு மட்டும் வேறு வகைக் கட்டுப்பாடு தேவை. அதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது.

தொலைந்த மெயில்கள்

அனுப்பியவருக்கு மெயில் திரும்பி வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சர்வரில் என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஹோஸ்டிங் சர்வரை நிர்வகிக்கும் பக்கமான சி-பேனலில், 'குளோபல் ஈமெயில் ஃபில்டர்ஸ்' பகுதியில், அனுப்புநர் முகவரியில் ஜிமெயில் என்று இருந்தால் 'டிஸ்கார்ட் மெசேஜ்' என்று தேர்ந்தெடுத்திருப்பார்கள். இதன் பொருள்: சர்வர் மெயிலை வாங்கிக்கொள்ளும், "பெற்றேன்" என்று அனுப்பியவரின் சர்வருக்குச் சொல்லும், பிறகு சத்தமில்லாமல் அழித்துவிடும். விநியோகஸ்தரைப் பொறுத்தவரை மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஸ்பேம் ஃபோல்டரிலும் இருக்காது, மீட்கவும் முடியாது.

ஆனால் யார் யார் அனுப்பினார்கள் என்பதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். சி-பேனலில் 'டிராக் டெலிவரி' பக்கத்தில் அனுப்பிய முகவரியும் நேரமும் இருக்கும். இந்தப் பதிவு அதிக நாள் தங்காது என்பதால் இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். பழைய நாட்களுக்கான சர்வர் லாகை ஹோஸ்டிங் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். பட்டியல் கைக்கு வந்ததும் விநியோகஸ்தர்கள், அட்டைப்பெட்டிக்காரர், லாரி ஆபீஸ், ஆடிட்டர் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்: "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை அனுப்பிய மெயில் எங்களுக்குக் கிடைக்கவில்லை, தயவுசெய்து மறுபடி அனுப்பவும்."

"டிஸ்கார்ட் வேண்டாம், 'ஃபெயில் வித் மெசேஜ்' என்று மாற்றிவிடுகிறேன், மெயில் திரும்பிப் போய்விடும்" என்று ஹோஸ்டிங் ஆள் சொல்லக்கூடும். அதிலும் கோளாறு உண்டு. அந்த ஃபில்டர் மெயிலை உள்ளே வாங்கிய பிறகுதான் வேலை செய்யும். மோசடிக்காரன் யாரோ ஒரு அப்பாவியின் முகவரியைப் போட்டு அனுப்பியிருந்தால், திரும்பும் மெயில் அந்த அப்பாவிக்குப் போகும். இது அளவுக்கு மீறினால் உங்கள் சர்வரே கறுப்புப் பட்டியலில் ஏறும். மறுப்பதானால் வாசலிலேயே, அனுப்பும் சர்வர் இணைப்பில் இருக்கும்போதே, 550 என்று தொடங்கும் பதிலோடு ("ஏற்க முடியாது" என்பதற்கான எண் அது) மறுக்க வேண்டும்.

தடை எதைப் பிடிக்கும், எதை விடும்

நியாயமாகச் சொன்னால், சென்ற மாதம் வந்த அந்த ஒரு மெயிலை உங்கள் தடை பிடித்திருக்கும். மோசடிக்காரன் அடுத்த முறை அதே வழியில்தான் வருவான் என்று நினைப்பதில்தான் தவறு.

அந்த மெயில் ஏன் ஸ்பேமுக்குப் போகவில்லை? அதில் தொழில்நுட்பப் பொய் எதுவுமே இல்லை. யாரோ உண்மையிலேயே ஒரு ஜிமெயில் கணக்கு திறந்து, பெயர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். மெயில் கூகுளின் சர்வரிலிருந்துதான் கிளம்பியது, அனுப்பிய முகவரி உண்மைதானா என்று பார்க்கும் எல்லாக் கையெழுத்துச் சோதனைகளிலும் தேறியது. கணக்காளர் அதை எதில் படித்தார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் போனில் படித்திருப்பார். போன் ஆப்பில் பெயர் மட்டும்தான் தெரியும், முகவரியைப் பார்க்கப் பெயரைத் தொட வேண்டும். இன்னொன்று, நீங்களே கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "நானும் வெளியூரில் இருந்தால் என் சொந்த ஜிமெயிலில் இருந்துதான் ஆபீஸுக்கு எழுதுவேன்." கணக்காளர் ஏமாந்ததன் காரணம் பாதிக்கு மேல் அந்த வரியில் இருக்கிறது. முதலாளி ஜிமெயிலிலிருந்து பணம் அனுப்பச் சொல்வது உங்கள் ஆபீஸில் வழக்கமான விஷயம்.

ஜிமெயிலை அடைத்தால் அடுத்து வருவது உங்கள் டொமைன் போலவே தோன்றும் இன்னொரு டொமைன். ஆங்கிலச் சிறிய எழுத்து 'எம்' இருக்கும் இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டால் போனில் கண்டுபிடிக்கவே முடியாது. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சுற்றிச் செலவு செய்தால் டொமைன் கிடைக்கும், அதற்கும் எல்லாச் சோதனைகளும் பச்சையாகவே காட்டும். அதைவிட மோசமானது, உங்கள் சப்ளையரின் உண்மையான மெயில் கணக்கே களவு போவது. பழைய பில்லை எடுத்து, வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி, நடந்துகொண்டிருக்கும் உரையாடலிலேயே பதிலாக அனுப்புவார்கள். அவர் சொந்த டொமைன் வைத்திருந்தால் உங்கள் தடை அந்த மெயிலைக் கைகூப்பி உள்ளே விடும்.

மகன் சொல்வதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் டெமோ கேட்கும் படிவத்தில் "அலுவலக மெயில் மட்டும்" என்று கேட்பது உண்டு. சும்மா எட்டிப் பார்ப்பவர்களைக் கழித்துவிடுவதற்கான விற்பனை உத்தி அது, பாதுகாப்புக்காக அல்ல. சொந்த டொமைன் இல்லாதவர் உருப்படியான வியாபாரி இல்லை என்பதும் நம் ஊர் நிலவரம் தெரியாத பேச்சு. ஹாட்மெயில் 1996-லும் ஜிமெயில் 2004-லும் வந்தன. மண்டிக்காரரும் லாரி ஆபீஸும் அன்று திறந்த முகவரியைத்தான் பில் புத்தகத்திலும் ஜிஎஸ்டி பதிவிலும் வங்கியிலும் கொடுத்திருப்பார்கள். உங்களுக்காக அதையெல்லாம் மாற்ற மாட்டார்கள், பக்கத்துக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்வார்கள். குப்பை மெயில் பெரும்பாலும் ஜிமெயிலிலிருந்துதான் வருகிறது என்ற எண்ணமும் சரியல்ல. இலவசக் கணக்கில் ஒரு நாளைக்குச் சுமார் 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. மொத்தமாகக் குப்பை கொட்டுகிறவனுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இப்படித் தடை போடுபவர்கள் செய்யும் இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். சிலர் முகவரியை விட்டுவிட்டு கூகுள் சர்வர்களின் ஐபி எண்களையே அடைத்துவிடுகிறார்கள். சொந்த டொமைன் மெயிலை கூகுளின் கட்டணச் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸில் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான கம்பெனிகளின் மெயிலும் அதே சர்வர்களிலிருந்துதான் வரும். உங்களுக்கு இது நடந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வெப்சைட்டில் உள்ள விசாரணைப் படிவத்தையும் சோதியுங்கள். பல படிவங்கள் வாடிக்கையாளரின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநராகப் போட்டு உங்களுக்கு அனுப்பும், உங்கள் ஃபில்டர் அதையும் விழுங்கியிருக்கும். அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியும், 'ரிப்ளை-டு' (பதில் போக வேண்டிய முகவரி) இடத்தில் வாடிக்கையாளர் முகவரியும் இருப்பதுதான் சரி. யாஹூ 2014 ஏப்ரலிலேயே தன் முகவரியை வேறு சர்வரிலிருந்து பயன்படுத்தினால் நிராகரிக்கும்படி அறிவித்துவிட்டது. அந்தப் படிவத்தில் யாஹூக்காரர்கள் எழுதியது இத்தனை வருடமும் வந்ததா என்பதே சந்தேகம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

யாருடைய மெயிலை ஏற்பது, யாருடையதை மறுப்பது என்பது பொதுவாக உங்கள் உரிமை. ஜிமெயிலை மறுத்தால் குற்றம் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் சில முகவரிகளை நீங்களே ஊருக்கு அறிவித்திருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல்.

உங்கள் மசாலாப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளின்படி, நுகர்வோர் புகாருக்கான பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் அச்சாகியிருக்க வேண்டும். பாக்கெட் வாங்கும் குடும்பத்தில் யாரிடம் சொந்த டொமைன் இருக்கப்போகிறது? தூளில் பூச்சி இருந்தது என்று ஒருவர் எழுதுகிறார், அது காற்றில் கரைகிறது. உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த பேட்ச் எண்ணை வைத்துச் சரக்கைத் திரும்ப எடுத்திருப்பீர்கள். தெரியாததால் அவர் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போவார். நுகர்வோர் ஆணையத்தில் "எழுதினேன், பதிலே இல்லை" என்று மெயிலைக் காட்டுவார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 13-ஆம் பிரிவையும் கவனியுங்கள். பெறுபவர் ஒரு முகவரியைக் குறிப்பிட்டுக் கொடுத்திருந்தால், மின்னணுப் பதிவு அந்தக் கணினி அமைப்புக்குள் நுழையும் நேரமே அது பெறப்பட்ட நேரம். உங்கள் சர்வர் வாங்கிவிட்டுத்தான் அழித்தது. ஆகவே "எனக்கு வரவே இல்லை" என்று நீங்கள் சொன்னால், "உங்கள் சர்வர் பெற்றுக்கொண்டது" என்று எதிர்த்தரப்பு வலுவாக வாதாடலாம். ரத்துக் கடிதம், தரக்குறைவு பற்றிய நோட்டீஸ், விலை மாற்றம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அட்டைப்பெட்டி செய்துதருபவர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், பில் மெயில் வரவில்லை என்ற சாக்கு அங்கே எடுபடாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி நாள் கணக்கு, சரக்கை ஏற்ற நாளிலிருந்து ஓடுகிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது, இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. போன மூன்று வாரத்தில் அவர் அனுப்பிய பில் எத்தனை என்று இன்றே கேளுங்கள்.

தடைக்குப் பதிலாக வைக்க வேண்டியவை

பெட்டிக்கு ஏற்ற வேலி போடுங்கள். பாக்கெட்டில் அச்சான முகவரி, விற்பனை, வேலைக்கு விண்ணப்பிக்கும் முகவரி, பெண் ஊழியர்கள் புகார் தரும் உள்ளகக் குழுவின் முகவரி ஆகியவை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். அங்கே ஸ்பேம் ஃபில்டர் மட்டும் போதும். அழிக்காமல் ஸ்பேம் ஃபோல்டருக்குத் தள்ளட்டும், ஒருவர் தினமும் அதைப் பார்க்கட்டும்.

கணக்குப் பிரிவின் பெட்டிக்குக் கெடுபிடி சரிதான். சப்ளையர் ஒவ்வொருவரிடமும் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு ஒரே ஒரு மெயில் முகவரி வாங்குங்கள். ஜிமெயிலாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பட்டியலில் இல்லாதவை 'சரிபார்க்க' என்ற தனி ஃபோல்டருக்குப் போகட்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜிமெயில் பெயரில் வரும் புள்ளிகளைக் கூகுள் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் உங்கள் ஃபில்டர் எடுக்கும். "செல்வம்.டிரேடர்ஸ்" என்று எழுதிக் கொடுத்தவர் புள்ளியில்லாமல் அனுப்பும் பழக்கம் உள்ளவராக இருக்கலாம். அவரிடமிருந்து ஒரு சோதனை மெயில் வரச் செய்து, அதில் உள்ளபடியே பட்டியலில் ஏற்றுங்கள்.

அடுத்தது, உங்கள் பெயருக்கான பொறி. அனுப்புநரில் உங்கள் பெயர் இருக்கிறது, ஆனால் முகவரி உங்கள் டொமைனில் முடியவில்லை என்றால் மெயிலை ஒதுக்கி வைக்கும்படி சி-பேனல் ஃபில்டரில் இரண்டு நிபந்தனைகளையும் 'அண்ட்' போட்டு இணைக்கலாம். மகன், மேலாளர் பெயர்களையும் சேருங்கள். இனிஷியல் முன்னாலும் பின்னாலும் வரும் எல்லா எழுத்து வடிவங்களையும் போட வேண்டும். தமிழில் எழுதிய பெயரோ ஒத்த வடிவ அயல் எழுத்துகளோ வந்தால் இந்த எளிய ஃபில்டர் கோட்டை விடும். மெயிலைக் கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாற்றினால், நிர்வாகப் பக்கத்தில் ஜிமெயிலின் 'சேஃப்டி' பிரிவில் ஊழியர் பெயரைப் போலியாகப் போடுவதற்கும், ஒத்த தோற்றமுள்ள டொமைனுக்கும் தயாரான பாதுகாப்பு இருக்கிறது. பெரும்பாலும் எச்சரிக்கைப் பட்டை மட்டும் காட்டும்படி இருக்கும், 'குவாரன்டைன்' என்று மாற்றுங்கள். உங்கள் அளவுள்ள நிறுவனம் மெயிலை வெப்சைட் ஹோஸ்டிங்கில் வைத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இந்தப் பொறி வேலை செய்ய நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். சொந்த ஜிமெயிலிலிருந்து ஆபீஸுக்கு எழுதுவதை நிறுத்துங்கள். நிறுவன முகவரியைப் போனில் சேர்க்கப் பத்து நிமிடம் ஆகும். உங்கள் ஜிமெயிலுக்கு விதிவிலக்கு போடச் சொல்லாதீர்கள். அந்தக் கணக்கு என்றாவது களவு போனால் விதிவிலக்கு வழியாகவே வருவார்கள்.

மோசடிக்காரன் உங்கள் சொந்த டொமைனையே போட்டு அனுப்பாமலிருக்க டொமைனின் பொது விவரப் பட்டியலான டிஎன்எஸ்ஸில் மூன்று பதிவுகள் வேண்டும்: உங்கள் பெயரில் எந்தச் சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், மெயிலின் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம், தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க். சி-பேனலில் 'ஈமெயில் டெலிவரபிலிட்டி' பக்கம் முதல் இரண்டையும் காட்டிவிடும். டிஎன்எஸ் வேறிடத்தில் இருந்தால் அங்கே கையால் ஏற்ற வேண்டும். எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. டிமார்க்கை 'நன்' (எதுவும் செய்ய வேண்டாம், அறிக்கை மட்டும் அனுப்பு) என்று தொடங்கி, அறிக்கைகளை ஆறு வாரம் பாருங்கள். பில்லிங் மென்பொருள் உங்கள் பெயரில் மெயில் அனுப்புவது அப்போதுதான் தெரியவரும். அதையும் சரிசெய்த பிறகு 'குவாரன்டைன்', பின்னர் 'ரிஜெக்ட்'. முதல் நாளே 'ரிஜெக்ட்' போட்டு, தங்கள் பில்லே விநியோகஸ்தருக்குப் போகாமல் தவிப்பவர்கள் உண்டு.

வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மெயிலிலும் "வெளி மெயில்" என்று சிவப்புப் பட்டை போடுவதை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்வதில்லை. வரும் மெயிலில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது. ஒரே வாரத்தில் கண் பழகிவிடும்.

பணம் போகும் வழி

மெயில் எவ்வளவு சுத்தமானாலும், மெயிலை மட்டும் நம்பிப் பணம் போகக்கூடாது. புதுக் கணக்கு, மாறிய கணக்கு எதுவானாலும் உங்கள் லெட்ஜரில் ஏற்கெனவே உள்ள போன் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டால் மோசடிக்காரனே எடுப்பான். ரத்து செய்த காசோலையின் படம் ஆதாரமாகாது, அதை ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். 2025 ஏப்ரல் 1-க்குள் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்பும்போது பெறுபவரின் கணக்குப் பெயரைக் காட்டும் வசதியைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நெட் பேங்கிங்கில் அதைப் பார்க்காமல் பெனிஃபிஷியரி சேர்க்கக்கூடாது என்று எழுதி வையுங்கள். கார்ப்பரேட் நெட் பேங்கிங்கில் 'மேக்கர்–செக்கர்' கேட்டு வாங்கினால், கணக்காளர் பதிவார், நீங்களோ மேலாளரோ அனுமதிப்பீர்கள். "போன் எடுக்க முடியாது, அவசரம்" என்று வந்தால் பணம் போகாது என்பதை உங்கள் வாயாலேயே ஊழியர்களிடம் சொல்லுங்கள்.

போன பணத்துக்கு வருகிறேன். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வங்கி பொறுப்பேற்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த 2017 விதி, வாடிக்கையாளர் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைக்கானது. இங்கே உங்கள் ஊழியரே ஓடிபி போட்டு அனுப்பியிருக்கிறார், ஆகவே வங்கி கைவிரிக்கும். நான்காம் நாள் வங்கிக்குப் போனதற்குப் பதில் தெரிந்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைத்திருந்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க வாய்ப்பு கூடியிருக்கும். இப்போதும் தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிந்து, மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் எஃப்ஐஆர் கேளுங்கள். வழியில் எந்தக் கணக்கிலாவது தொகை முடங்கியிருந்தால் நீதிமன்ற உத்தரவு பெற்று வாங்கலாம். அந்த மெயிலை யாருக்கும் ஃபார்வர்ட் செய்து ஆதாரமாக்காதீர்கள், மெயில் எந்த வழியாக வந்தது என்று காட்டும் அசல் ஹெடர் போய்விடும். கோப்பாக அப்படியே டவுன்லோட் செய்து கொடுங்கள். இதுபோன்ற ஃபிஷிங் சம்பவங்களைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவு சொல்கிறது. சிறிய நிறுவனங்கள் பலவற்றுக்கு இது தெரியாது. தாமதமானாலும் தெரிவித்துவிடுங்கள்.

கடைசியாகக் கணக்காளரின் சம்பளம். ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக வந்த இழப்பைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் முதலில் எழுத்தில் காரணம் கேட்டு, அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். நீங்கள் அதைச் செய்ததாகக் கடிதத்தில் இல்லை. விளக்கம் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பதையும் யோசியுங்கள்: முதலாளி ஜிமெயிலிலிருந்து சொல்லி இதற்குமுன் எத்தனை முறை பணம் அனுப்பியிருக்கிறேன் என்று பழைய மெயில்களை எடுத்து வைப்பார். புதுக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதி எதுவும் அன்று உங்கள் ஆபீஸில் இல்லை. பிடித்த முதல் 10,000 ரூபாயை இந்த மாதச் சம்பளத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.